சித்தியின் வீங்கிய பாதங்கள்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது சித்தி பிரசவத்துக்காக ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெற்றவர்கள் இருவரும் போய்விட்டதால், மூத்தவளான என் அம்மா இருந்த இடம்தான் அவளுக்குத் தாய்வீடு. முசிறியில் வாழைமண்டி வைத்திருந்த சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பூவன் சீப்போடு பஸ் ஏறி வருவார். எங்கள் முன்னால் மனைவியிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் என் படிப்பைப் பற்றியே விசாரித்துவிட்டுத் திரும்பிப் போவார்.

சித்தி என்னோடு கேரம் ஆடுவாள். வயிறு பலகையில் இடித்துக் காய் நகர்ந்தால், அது உள்ளே இருக்கிறவன் ஆடிய ஆட்டம், தன் கணக்கில் வராது என்று சாதிப்பாள்.

எட்டாம் மாதம் அவள் பாதங்கள் வீங்கின. அது எனக்குப் புதிய விளையாட்டாகிவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினால் பிசைந்த மாவில் விழுவதுபோல் குழி விழும். அது மெதுவாக மேலே வரும்வரை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம். வந்து பார்த்தவர்கள் எல்லோரும், மாசமாக இருந்தால் கால் வீங்கத்தான் செய்யும், பிரசவமானால் வடிந்துவிடும், பார்லித் தண்ணீர் கொடுங்கள் என்றார்கள். அம்மாவும் பார்லி வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் நான் கேரம் பலகையை எடுத்து வந்தபோது சித்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. தலை வலிக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்றாள். பிறகு, என் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, சிரிக்கப் பார்த்தாள்.

“கண்ணு முன்னாடி மத்தாப்பு மாதிரி பூப்பூவா கொட்டுதுடி.”

என்ன நிறம் என்று கேட்டேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. சித்திக்கு மட்டும் பகலில் மத்தாப்பு தெரிகிறதே, எனக்கு ஏன் தெரியவில்லை என்று சமையலறைக்கு ஓடி அம்மாவிடம் முறையிட்டேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். சித்தியின் கையை எடுத்து மோதிரத்தைத் திருகிப் பார்த்தாள். அது அசையவில்லை.

“தலைவலி எப்பலேர்ந்து?”

“நேத்துலேர்ந்து. வெயில்தாங்க்கா.”

அம்மா என்னை ஆட்டோ கூப்பிட அனுப்பினாள். பக்கத்து வீட்டு மாமி, பத்துப் போட்டுத் தூங்கினால் சரியாகிவிடும், நாளைக்குப் போகலாமே என்றார். அம்மா அதற்குள் சித்தியின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாதங்களில் செருப்பு நுழையவில்லை. வெறுங்காலோடுதான் ஆட்டோவில் ஏற்றினாள். காவிரிப் பாலத்தில் போகும்போது தண்ணீர் நிறைய வந்திருப்பதைச் சித்திக்குக் காட்டினேன். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சித்தியின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் மெதுவாக நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும், அப்புறம் தாயும் தங்கியிருக்காது பிள்ளையும் தங்கியிருக்காது என்று அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பெரிய வலிக்குத்தான் வலிப்பு என்று பெயர் என நினைத்துக்கொண்டேன்.

அன்றே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தம்பி, நான் நினைத்திருந்த அளவில் பாதிகூட இல்லை. சித்தப்பா சட்டையில் வாழைக்கறையோடு ஓடி வந்தார். பையன் பிறந்திருக்கிறான் என்று நான் முந்திக்கொண்டு சொன்னது அவருக்குக் கேட்டதாகவே தெரியவில்லை.

“அவ எங்கக்கா?” என்றார் அம்மாவிடம்.

குழந்தையோடு வீட்டுக்கு வந்த பிறகும் சித்தி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தலை வலித்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. சாயங்காலங்களில் அம்மா அவளை, இன்னும் இறங்காத ரத்த அழுத்தத்தைப் பார்க்க, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்விடுவாள், எனக்குத் துணையில்லை. குழந்தைதான் பிறந்துவிட்டதே, வீக்கமும் வடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஆஸ்பத்திரி என்று ஒருநாள் சண்டை பிடித்தேன்.

அம்மா என் தலையைக் கோதிவிட்டாள்.

“குழந்தை வந்து சேந்துட்டான். உன் சித்தி இன்னும் முழுசா வந்து சேரலடி.”

எட்டிப் பார்த்தேன். சித்தி உள்ளறைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, தம்பியை அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எங்களோடு ஒரே ஆட்டோவில்தான் வந்தாள், நானே பார்த்தேன். தூக்கமில்லாமல் அலைந்து அலைந்து அம்மாவுக்குத்தான் ஏதோ குழம்பிவிட்டது என்று முடிவு செய்து, அவள் மேல் இரக்கப்பட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தெருவுக்கு விளையாடப் போனேன்.