ஓசி வக்கீல் மாடி ஏறிய வழக்கு

வக்கீலம்மாவுக்கு ஊர் வைத்த பெயர் ஓசி வக்கீல். காசு வாங்காமல் வழக்குப் பேசினால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஐந்தாறு ஊர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு இலவசச் சட்ட உதவி மையம். அதை நடத்துவது அவர். பெருந்தொற்று வந்ததும் தலைமையகம் முதல் வேலையாக ஒரு சுவரொட்டி அனுப்பியது. 'பொதுமக்கள் அலுவலகத்துக்கு வர வேண்டாம்' என்ற அதை அலுவலகக் கதவில் ஒட்ட வேண்டுமாம். வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாத மக்கள் அதுவரை வந்து, படித்து, திரும்பிப் போவார்கள் என்பது திட்டம். ஒட்டியதைப் படமெடுத்து அனுப்பவும் உத்தரவு. வக்கீலம்மா ஒட்டினார், படமெடுத்தார், அனுப்பினார். சேவை தடையின்றி நடப்பதாக அறிக்கையில் ஏறிவிட்டது.

அதன்பின் மையம் அவர் வீட்டுக்குக் குடிவந்தது. ஹாலைக் கணவர் முன்பே பிடித்துவிட்டார். கணக்கு வாத்தியார், முகம் காட்டாத பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிற உத்தியோகம். வக்கீலம்மாவுக்கு மிஞ்சியது துணி துவைக்கிற அறை. வாஷிங் மெஷின் மேல் கம்ப்யூட்டர், அழுக்குக் கூடைமேல் வழக்குக் கட்டுகள். மெஷின் ஓடும்போது கொடுக்கிற ஆலோசனையும் சேர்ந்து அதிர்ந்தது.

நீதிமன்றம் மூடிக்கிடந்தது, கடைகள் மூடிக்கிடந்தன. குடியிருப்பவர்களைக் காலி பண்ணச் சொல்கிற தொழில் மட்டும் கொடிகட்டிப் பறந்தது. தொற்று அடங்கும்வரை யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டிருந்தது. வீட்டுக்காரர்கள் புத்திசாலிகள். வெளியேற்றவில்லை, குழாயை மூடினார்கள், கரண்ட்டைப் பிடுங்கினார்கள், பிறகு தாமாகப் போய்விட்டார்கள் என்றார்கள்.

"தண்ணிய நிறுத்துறதும் வெளியேத்துறதும் சட்டத்துக்கு ஒண்ணுதாம்மா. நீங்க பயப்படாதீங்க, நாங்க நோட்டீஸ் விடுறோம்" என்று வக்கீலம்மா தினமும் யாருக்காவது சொல்லிக்கொண்டிருந்தார். நன்றாகவும் சொன்னார். பலபேர் வீட்டில் தண்ணீர் வந்தது.

மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது, எதிர்த்தரப்பு யார் என்றுதான். பல் வலிக்கிறதென்று போனவனிடம் பக்கத்து வீட்டுக்காரன் பெயரைக் கேட்பது போலிருக்கும். ஆனால் காரணம் இருக்கிறது. சின்ன ஊரில் அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே வக்கீலிடம் வந்து நிற்பார்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு வேலை இங்கே ஆகாது. எதிர்த்தரப்பு நமக்கு வேண்டியவரென்றால் வழக்கைத் தொடக்கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். பதிவுக்காரி. அவளைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'கதவு'. இப்போது தன் வீட்டிலிருந்து போன் எடுத்தாள்.

ஒருநாள் மத்தியானம் கதவு கூப்பிட்டாள்.

"மேடம், ஒரு கேஸ். ஆஸ்பத்திரி நர்ஸ். குடியிருக்கிற மாடிக்குத் தண்ணி வரலையாம். மோட்டார் ரிப்பேர்னு சொல்றாங்களாம், ஆனா ரிப்பேர் இல்லையாம். காலி பண்ண வைக்கிறதுக்குத்தானாம்."

"அப்பட்டமான கேஸ். இன்னிக்கே நோட்டீஸ் அனுப்பு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

கதவு கொஞ்சம் தயங்கினாள்.

"எதிர்த்தரப்பு உங்க வீட்டுக்காரர் மேடம்."

வாஷிங் மெஷின் நின்றிருந்தும் வக்கீலம்மாவுக்கு அறை அதிர்ந்தது.

"வீடு யார் பேர்ல இருக்கு மேடம்?" கதவு கேட்கவேண்டியதை விடமாட்டாள்.

"ரெண்டு பேர் பேர்லயும்."

"அப்போ நீங்களுந்தான். நம்ம மையம் இதைத் தொட முடியாது."

வக்கீலம்மாவுக்குத் தெரியாதா என்றால், தெரியும். மாடியில் இருக்கிற நர்ஸைப் போகச் சொல்ல வேண்டுமென்று வாத்தியார் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று மோட்டார் ரிப்பேர் ஆனது. ஆள் வரமாட்டேன் என்கிறான் என்றார். கீழே குழாயில் மோட்டார் இல்லாமலே நேராகத் தண்ணீர் வந்ததால் வக்கீலம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவர் சட்டம் படித்தவராகவும் இருந்தால் எழுப்பவே முடியாது.

வாத்தியாரையும் சும்மா சொல்லக்கூடாது. கெட்டவர் இல்லை, பயந்தவர். அவருடைய பள்ளியில் அறிவியல் வாத்தியார் இருமத் தொடங்கி ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்திருந்தார். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. இவருக்குச் சர்க்கரை வேறு. ஆனாலும் மருத்துவப் பணியாளர்களுக்காகத் தெருவே நின்று கைதட்டிய மாலையில் அவர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அப்போது நர்ஸ் வேலை முடிந்து தெருவில் வந்துகொண்டிருந்தாள். வாத்தியார் தட்டுவதை நிறுத்தாமலே இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

வக்கீலம்மா பக்கத்து மண்டலத்து மையத்தைக் கூப்பிட்டார். அங்கே ஆள் யாரும் எடுக்கவில்லை, ஒரு பதிவுக் குரல் இசை போட்டுக் காட்டி, நீங்கள் எங்களுக்கு முக்கியமானவர் என்றது. தலைமையகத்தைக் கூப்பிட்டார். இப்படியொரு நிலைமைக்குக் குழு அமைக்க வேண்டும், குழு அமைக்கக் கூட்டம் போட வேண்டும், கூட்டம் போடத் தொற்று அடங்க வேண்டும் என்றார்கள். அதுவரை மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். வக்கீலம்மா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு மாடி ஏறினார்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையாகத் தண்ணீர் கேன்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கையில் சுமந்து வந்தவை. பையில் துணி பாதி அடுக்கியிருந்தது.

"ஏம்மா, கீழ வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? மையத்துக்கா போன் போடணும்?"

வக்கீலம்மா கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் கொஞ்சம் வீட்டுக்காரம்மா குரல் அதில் இருந்தது.

"கேக்கலாம்னுதான்க்கா நினைச்சேன்" என்றாள் நர்ஸ். "கீழ வந்து கதவைத் தட்டினா வீட்டுக்காரக்கா பேசுவீங்க. போன்ல கேட்டா வக்கீல் மேடம் பேசுவாங்கன்னு தோணுச்சு."

பதினைந்து வருஷம் வழக்குப் பேசியவருக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கத் துணி அடுக்கிய பையை நகர்த்தி வைத்தார்.

கீழே இறங்கினால் வாசல் கம்பிக்கதவு பூட்டியிருந்தது. உள்ளே வாத்தியார், சாவி கையில்.

"நீ மேல போய்ட்டு வந்துட்ட."

"ஆமா. அதுக்கு?"

"உள்ள வராத. சும்மா பத்து நாள் அங்கயே இரு. சாப்பாடு படியில வைக்கிறேன். எனக்கு பயமா இருக்கும்மா."

கடைசி வார்த்தையை அவர் மெய்யாகவே சொன்னார். வக்கீலம்மா சண்டை போட வாயெடுத்தார். சொந்த வீட்டு வாசலில் நின்று எந்தச் சட்டப்பிரிவைச் சொல்வதென்று புரியவில்லை. கம்ப்யூட்டரையும் போனையும் மட்டும் வெளியே வாங்கிக்கொண்டு திரும்பவும் மாடி ஏறினார். நர்ஸ் ஜன்னலோரம் ஒரு பாயைப் போட்டுக் கொடுத்துவிட்டு, தான் அடுத்த மூலைக்குப் போய் உட்கார்ந்தாள். முகக்கவசத்தைக் கழற்றவேண்டாம் என்றும் கண்டிப்பாகச் சொன்னாள்.

சாயங்காலம் கீழே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அத்தனை நாளாக வராத மெக்கானிக் அன்றும் வரவில்லை. வாத்தியார் போனில் கூப்பிட்டார்.

"குளிக்க உனக்குத் தண்ணி வேணுமேன்னு போட்டேன். வருதா?"

வந்தது. குழாய் முதலில் காற்றைக் கக்கி, பிறகு செம்மண் நிறமாய்க் கொஞ்சம் கொட்டி, தெளிந்து விழுந்தது. வாளி, கேன், பாத்திரம், டம்ளர் என்று வீட்டில் இருந்த அத்தனையையும் நர்ஸ் நிரப்பினாள். சந்தோஷப்படுகிறவள் மாதிரி இல்லை. மழை நிற்பதற்குள் பிடித்து வைக்கிறவள் மாதிரி இருந்தாள். கடைசிப் பாத்திரத்தை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க எப்பக்கா கீழ போவீங்க?"

வந்தவரை விரட்டுகிற கேள்வி இல்லை அது. அவர் இறங்கிப்போனால் தண்ணீரும் கூடவே போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும்தான்.

போனை எடுத்துக் கதவைக் கூப்பிட்டார்.

"அந்த நர்ஸ் கேஸ். பக்கத்து மண்டலம் போன் எடுக்கலைன்னா மெயில்ல அனுப்பு. அவங்க பதில் போடுறவரைக்கும் தினமும் அனுப்பு. நாங்க மனசு மாறினாலும் தண்ணி நிக்காத மாதிரி உத்தரவு வாங்கித் தரச் சொல்லு."

"சரி மேடம். எதிர்த்தரப்பு?"

"ரெண்டு பேரையும் போடு. என் பேரை முதல்ல போடு."

கதவு தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

"சாட்சி யாராவது இருக்காங்களா மேடம்?"

"அதுக்கும் என் பேரையே போட்டுக்கோ" என்றார் வக்கீலம்மா.