காய்ச்சலை ஒப்புக்கொண்ட அத்தை

என் அத்தைக்குப் பன்றிப் பண்ணையில் பதினாறு வருட வேலை. பிறந்த குட்டி மூச்சில்லாமல் கிடந்தால், அதன் மூக்கில் வாய்வைத்து ஊதிப் பிழைக்கவைப்பாள்.

அங்கே இருமிய குட்டிகளின் சளி, நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்கு வந்தது. அதில் ஒரு கலப்பு ஃப்ளூ வைரஸ் இருந்தது. ஃப்ளூவின் மரபணுத் தொகுதி எட்டுத் துண்டுகளாக இருக்கும். இரண்டு வகை வைரஸ்கள் ஒரே நேரத்தில் ஒரு பன்றியைத் தொற்றினால் துண்டுகள் இடம் மாறிக் கலந்துவிடும். இதில் இரண்டு துண்டுகள் மனிதரின் ஃப்ளூவிலிருந்து வந்தவை. எப்படி வந்தன என்று தெரியாமல் அடுத்த கலப்பைத் தடுக்க முடியாது.

பண்ணைக்குப் போய், முதலாளியையும் வைத்துக்கொண்டு, காய்ச்சலோடு வேலைக்கு வந்தது யார் என்று வேலையாட்களை விசாரித்தேன். காய்ச்சலோடு கொட்டகைக்குள் நுழைந்தால் வேலை போய்விடும் என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"நான்தான்," என்றாள் அத்தை. "போன மாசம் காய்ச்சலோட மூணு குட்டிக்கு ஊதினேன்."

"அத்தை, யோசிச்சுப் பேசு." அப்படிச் சொன்னதற்கு இன்னும் கூசுகிறது.

"படிச்சவ நீயே இப்படிச் சொன்னா எப்படிடீ?"

முதலாளி தலையில் கைவைத்தார். "பன்னி மூக்குல வாய் வெச்சியாம்மா?"

"உங்க மூக்குல வைக்கலையே, முதலாளி!"

அவரே சிரித்துவிட்டார். வேலை போகவில்லை. இனிக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு, ஊதுவதற்குக் கைப்பம்பு என்று அன்றே முடிவானது.

வெளியே வந்து அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். இருமுற குட்டிங்க பிழைக்குமா?"

"பிழைக்கும் அத்தை."

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள்.