'வாரேனுங்க' என்றார், குதித்தேன்

அறுபதுகளின் நடுவில், காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கிணற்றுக்குப் புதிதாக மோட்டார் வைத்திருந்தோம். கோடையில் ஒருநாள் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. குழாயின் அடிமுனையில் தண்ணீருக்குள் கிடக்கும் ஃபுட் வால்வு அடைத்துக்கொண்டுவிட்டது. மிளகாய்ச் செடியெல்லாம் வாடித் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. முங்கிப் போய் அடைப்பை எடுத்தால்தான் ஆகும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. முங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வான். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு ஆள் நிற்பார். உள்ளே இருப்பவன் இரண்டு முறை சுண்டினால் அவர் இழுக்க வேண்டும். தனியாக முங்குகிறவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று கேலி பேசுவார்கள். எனக்குத்தான் பெண் கொடுத்தாகிவிட்டதே! நீச்சல் சரியாக வராதவனுக்குத்தான் கயிறும் காவலும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் மனைவி விடவில்லை.

"ஆளில்லாம எறங்குனீங்கன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவனுங்க" என்று மிரட்டிவிட்டு, மாவு அரைக்க மில்லுக்குக் கிளம்பினாள்.

அவள் காதில் விழும்படியே பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டேன். என்னைவிட மூத்தவர், நல்ல மனுஷர். "மாட்டப் புடிச்சுக் கட்டிப்போட்டுப் பார்க்கறேனுங்க" என்றார். வந்துவிடுவார் என்று கயிற்றை இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டேன். மறுமுனையைக் கிணற்று மேட்டில் அவருக்காகப் போட்டுவிட்டு, படியில் இறங்கித் தண்ணீருக்கு மேலே நின்றேன். கொஞ்ச நேரத்தில் மேலே வரப்பிலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஏனுங்க, நான் வாரேனுங்க!"

"வாங்க, வாங்க!" என்றேன். ஆள் வந்தாயிற்று என்று குதித்தேன்.

அடியில் ஒரே கலங்கல். கையால் தடவிப் பார்த்தால் வால்வின் சல்லடையில் பழைய கோணிச்சாக்கு சுற்றியிருந்தது. பிய்த்து எடுத்துவிட்டு மேலே உந்தினேன். உடம்பு எழும்பவில்லை. தொய்ந்து இறங்கிய கயிறு வால்வில் மாட்டி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. நான் பதறவில்லை. அதுதான் மேலே ஆள் இருக்கிறாரே! மேலே போகும் கயிற்றைப் பிடித்து இரண்டு முறை சுண்டினேன். அது இறுகவில்லை. சும்மா வழுக்கிக்கொண்டு என் கைக்கே வந்தது. இன்னொரு முறை சுண்டினேன், இன்னும் வந்தது. மேலே யாருமே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

செத்தோம் என்றே நினைத்தேன். ஊறிப்போன முடிச்சு அவிழவில்லை. வயிற்றை எக்கிக்கொண்டு கயிற்று வளையத்தை அப்படியே கீழே தள்ளினேன். இடுப்புத் தோல் உரிந்தது, கோவணமும் கயிற்றோடு போயிற்று, நான் மட்டும் மேலே வந்தேன். படியைப் பிடித்துக்கொண்டு இருமி இருமி வாந்தி எடுத்தேன். ஏற முடியாமல் படியிலேயே வெகுநேரம் கிடந்தேன்.

இதற்குள் மில்லிலிருந்து திரும்பும் வழியில், பஸ் நிற்கும் இடத்தில் அந்தத் தோட்டத்துக்காரரை என் மனைவி பார்த்திருக்கிறாள். "ஏனுங்க, நீங்க இங்க நிக்கறீங்க, அங்க கயித்த ஆருங்க புடிக்கறாங்க?" என்று கேட்டாளாம். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. இரண்டு பேரும் பஸ்ஸையும் மாவையும் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தவள், அவர் தோளில் கிடந்த துண்டை வாங்கி என்மேல் எறிந்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர்தான் இறங்கிவந்து கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாரேன்னு சொன்னீங்களேங்க!"

"அவசரமா டவுனுக்குப் போக வேண்டியதாப் போச்சுங்க. சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் வரப்புல நின்னு கூப்பிட்டேன். நீங்களும் வாங்கன்னீங்க. சரி, வேற ஆளு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சுப்போட்டேன்."

"போறேன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கெணத்துல எறங்கற மனுசங்கிட்ட எப்படீங்க போறேன்னு சொல்றது?"

அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சாயங்காலம் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ந்தது. மனைவி அம்மா வீட்டுக்குப் போகவில்லை, ஆனால் இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

நன்றாக நீந்துகிறவன் தனியாக முங்கினால் என்ன என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அன்றைக்கு நீச்சலில் ஒரு குறையும் இருக்கவில்லை என்று மட்டும் சொல்வேன். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நானும் 'வாரேன்' என்றுதான் சொல்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கிணற்றிலும், மேலே நிற்பவர் இழுத்துக் கயிறு என் இடுப்பில் இறுகும்வரை, நான் தண்ணீரில் கால் வைத்ததில்லை.