நஸீரின் மதியக் குளிசை

என் மருமகன் நஸீரின் மருந்து நேரத்தை மாற்றி, அவனைச் சாவின் பக்கம் அனுப்பியவன் நான். அல்லாஹ் அவனைத் திருப்பித் தந்தான். முதலாவதை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்ல எனக்கு உரிமையில்லை.

முப்பது வருடங்கள் பாடசாலையில் இஸ்லாம் பாடம் கற்பித்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் குடியிருப்பான். நஸீரும் கல்முனையில் என் வீட்டில்தான் இருக்கிறான். ஆலை லொறியில் கண்டிக்கு அரிசி கொண்டுபோவது அவன் தொழில். சிறுவயதிலிருந்தே அவனுடைய கவனம் ஓரிடத்தில் நிற்காது. வளர்ந்த பிறகுதான் வைத்தியர் அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். காலையில் ஒரு குளிசை, மதியம் ஒன்று. அவற்றைப் போட்ட பிறகு அவனுடைய ஓட்டத்தில் ஒரு குறையும் வந்ததில்லை.

நோன்பு வந்தது. தலைநோன்புக்கு முந்திய நாள் அவன் என்னிடம் வந்தான்.

“மாமா, லொறி ஓடுற நாளையில நோன்ப விடச் செல்லி டொக்டர் செல்றார். பொறகு கழாச் செய்யலாந்தானே?”

“காய்ச்சலா மனே உனக்கு? நல்லாத்தானே சோறு திங்கிறாய். இஸ்லாம் மாஸ்டர்ர மருமகன் நோன்பில றோட்டோரத்தில தேத்தண்ணி குடிக்கிறான் எண்டு ஊரு கதைக்கட்டுமா?”

“அப்ப குளிசை?”

“நோன்பு திறந்த பொறகு ரெண்டையும் போடு.”

நோயாளி நோன்பை விட்டு வேறு நாட்களில் கழாவாகப் பிடிக்கலாம் என்று எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். கண்ணுக்குத் தெரியாத நோயை நோயாக நான் கணக்கெடுக்கவில்லை.

மாலையில் போட்ட மருந்து அவனைத் தூங்க விடவில்லை. பகலில் மருந்தும் இல்லை, தூக்கமும் இல்லை. “வாப்பா, இவருக்கு நித்திரையே இல்ல” என்று மகள் ஸமீனா சொன்னாள். “பழகிரும்” என்றேன்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போனான். மதியம் லுஹர் தொழுகை முடிந்த நேரம் ஆலை முதலாளி எனக்குப் போன் எடுத்தார்.

“மாஸ்டர், லொறி கண்டிக்குப் போய்ச் சேரல்ல. அவன்ட போனும் வேலை செய்யுதில்ல. ஊட்டுக்கு எடுத்தவனா?”

ஸமீனா என்னை ஒருமுறை பார்த்தாள். நான் பள்ளிவாசலுக்குப் போனேன். அதுவரை துஆவில் எனக்காக எவ்வளவோ வாதாடியிருக்கிறேன். அன்று வாதம் இல்லை. யா அல்லாஹ், குற்றம் என்னுடையது, அவனைத் தா. நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் கிடந்து இதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மாலை அஸர் தொழுகையின் பாங்குக்கு முன் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நஸீரின் குரல்.

“மாமா, கண் அயந்திட்டு. லொறி மலைப்பக்கத்துக் கானுக்குள்ள உழுந்திட்டு. என்ட போன் உடைஞ்சிட்டு. எனக்கு ஒண்டுமில்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “இஞ்ச ஒரு சிங்களக் கடைக்காரர் தண்ணி தந்தார். குடிச்சிட்டன். நோன்பு போயிட்டு மாமா. ஏசாதீங்க.”

பாதையின் ஒரு பக்கம் அந்த வடிகால், மறுபக்கம் பள்ளத்தாக்கு என்பதைப் பிறகு அறிந்தேன். அதில் விழாமல் உயிர் தப்பியவன் என்னுடைய ஏச்சுக்குத்தான் பயந்தான்.

அவனோடு கிளினிக்குக்குப் போனேன். வைத்தியர் என்னை ஏசினார். கேட்டுக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளியில் எழுந்து நின்று நடந்ததை எல்லாம் சொன்னேன். “மாஸ்டர் இப்பத்தான் தனக்கு முட்டை மார்க்ஸ் போட்டிருக்கார்” என்று வாசலில் ஒருவர் சிரித்தார். அது எனக்கு வலிக்கவில்லை. வலித்தது வேறு. நஸீரின் நோய் முதலாளி காதுக்கும் போய்விட்டது. “மூளைக்குக் குளிசை போடுறவன நம்பி லொறியக் குடுக்கேலாது” என்று அவனை மூட்டை அடுக்க விட்டார்.

“உங்கட பிழையச் செல்லப்போய் என்ட வருத்தத்தையும் ஊருக்குச் செல்லிட்டீங்களே மாமா” என்றான் நஸீர். அவ்வளவுதான் சொன்னான்.

பரிகாரத்திலும் நான் பிழை செய்தேன். இம்முறை அவனிடம் கேட்டு, அவன் ஓம் என்ற பிறகுதான் வைத்தியரின் கடிதத்தோடு ஆலைக்குப் போனேன். முதல் தடவை முதலாளி அதை வாசிக்கவில்லை. மூன்றாம் தடவை வாசித்தார். சவளக்கடையிலிருந்து நெல் ஏற்றும் கிட்ட ஓட்டங்களைக் கொடுத்தார். சில மாதங்களுக்குப் பிறகு கண்டி ஓட்டமும் திரும்பக் கிடைத்தது.

சகோதரர்களே, அல்லாஹ்விடம் கேளுங்கள், அவன் தருவான். நான் தகுதியோடு கேட்கவில்லை, அப்படியிருந்தும் தந்தான். வீட்டில் ஒருவர் தனக்கு நோய் என்று சொன்னால் முதலில் அதை நம்புங்கள். அல்லாஹ் தந்த சலுகையை நம் மானத்துக்காகப் பறிக்காதீர்கள்.

லொறி ஓடாத நாட்களில் நஸீர் கழா நோன்பு பிடிக்கிறான். அவன் கேட்காமலே நானும் அவனோடு பிடிக்கிறேன். முதல் நாள் நோன்பு திறக்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். நான்காம் நாள் பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினான்.

“பாங்கு செல்லிட்டு மாமா. எடுங்க.”