மாமா அடைத்த ஓட்டைகள்

என் தாய்மாமா தொடங்காத தொழில் இல்லை. முயல் வளர்த்தார், அவை பக்கத்துக் கேரட் தோட்டத்தில் சாப்பிட்டு வளர்ந்தன. தேனீ வளர்த்தார், அவை ஒரு நல்ல நாளில் சொல்லாமல் கிளம்பிவிட்டன. அரவேணுவில் காய்கறி வியாபாரம் செய்துவந்த ஒருவரின் மகளை மாமாவுக்குப் பேசியபோது, பெண்ணின் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தொழிலைக் கண்ணால் பார்க்க வேண்டும், பிடித்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. அந்தச் சமயத்தில் மாமாவின் தொழில் காளான். இடம், எங்கள் எஸ்டேட்டுக்குக் கீழே இருந்த பழைய ரயில் குகை.

வருஷம் முழுக்க ஒரே குளிர், ஒரே இருட்டு. காளானுக்கு அதைவிடச் சுகமான இடம் மலையில் கிடையாது. ரயில்காரர்களிடம் அனுமதி கேட்டாரா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. பதில் எங்களுக்குத் தெரியும்.

பெண் வீட்டார் வந்த அன்று ஒரு வாரமாக விடாமல் மழை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெரியவர்கள் வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அன்று பெண்ணும் பிடிவாதமாகக் கூடவே வந்திருந்தாள். அம்மாவின் புருவம் ஏறி இறங்கியது. எனக்கு ஒன்பது வயது. பெண் அழகாக இருந்ததால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் குகைக்குள் போனேன்.

மாமா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். குகையைப் பற்றி அவர் பேசினால், அவரே தோண்டியவர் என்று தோன்றும். வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் குடைந்துகொண்டு வந்தார்களாம். பாறையில் உளி வைத்துச் சம்மட்டியால் அடித்துத் துளை போட்டு, வெடிமருந்து திணித்து, வெடிக்கவைத்து, கல்லை அள்ளிக் கொட்டி, நடு மலையில் ஒருவரையொருவர் சந்தித்தார்களாம். இரண்டு பாதையும் அச்சாகச் சேரவில்லை, அதனால்தான் நடுவில் இந்த நெளிவு என்று சுவரில் வெளிச்சம் அடித்துக் காட்டினார். பிறகு எப்போதோ வாசலில் மண் சரிந்து, ரயிலை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டு, இங்கே தண்டவாளத்தைப் பிடுங்கிப் போய்விட்டார்கள். பெண்ணின் அப்பா 'ம்' என்று கேட்டுக்கொண்டே வந்தார். மூங்கில் தட்டுகளில் காளான் வெள்ளை வெளேரென்று முளைத்திருந்ததைப் பார்த்து அந்த 'ம்' கொஞ்சம் இளகியது.

அதோடு நிறுத்தியிருந்தால் மாமா மாமாவாக இருந்திருக்க மாட்டார்.

"இத்தன கட்டுனவன் ஒரு தப்புப் பண்ணிட்டானுங்க. செவுரு அடியில வரிசையா ஓட்ட விட்டுட்டுப் போயிட்டான். தண்ணி ஒழுகிட்டே கெடந்துது. நாந்தான் சிமெண்ட் வெச்சு எல்லாத்தையும் அடச்சேனுங்க" என்றார் பெருமையாக.

மலைக்குள் ஊறும் தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்காமல் வெளியேறத்தான் அந்த ஓட்டைகளை விட்டிருந்தார்கள். ஒரு வார மழை அங்கேயே காத்திருந்தது. மாமா வாயை மூடுவதற்குள் பெண்ணின் அப்பா காலடியில் ஒரு சிமெண்ட் கட்டி பீரங்கிக்குண்டாகத் தெறித்தது. அடுத்து இன்னொன்று. முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்தது, தட்டுகள் சரிந்தன, டார்ச் விழுந்து அணைந்தது. நான் அலறினேன். அவள் என்னை இடுப்போடு அணைத்து, இருட்டில் நாலு எட்டு இழுத்துப்போய்ச் சுவருக்குள் நுழைத்துவிட்டாள். ரயில் வரும்போது வேலையாட்கள் ஒதுங்கி நிற்கச் சுவரைக் குடைந்து செய்த மாடம் அது. உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. என் தலைக்கு மேலே அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது பெண்ணின் அப்பாவின் வேட்டி சேற்று நிறமாகியிருந்தது. மாமா அழுதுவிடுவார் போல நின்றார். கல்யாணம் போயிற்று என்று எனக்கும் அழுகை வந்தது. அந்த மனிதர் குனிந்து, தண்ணீரில் மிதந்து வந்த ஒரு காளானை எடுத்தார். மோந்து பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார்.

"சரக்கு நல்லாத்தான் இருக்குது. இனி அந்த ஓட்டைங்க கிட்ட மட்டும் போவாதீங்க மாப்ள" என்றார்.

மாப்ள என்று அவர் சொன்னதை அம்மா அன்று எத்தனை பேரிடம் சொன்னாளோ.

வீட்டில் எல்லோரும் டீ குடிக்கும்போது, எனக்கும் என் பங்குக்கு ஏதாவது நல்லது சொல்ல ஆசை. "அந்த இருட்டுல அக்கா தடவிக்கூடப் பாக்கலீங்க, நேரா மாடத்துக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்று சத்தமாகச் சொன்னேன். மாமாவுக்குப் புரையேறியது. பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பா டம்ளரைக் கையில் வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே மழையை வெகு கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அன்றுதான் முதல்முறையாக அந்தக் குகைக்கு வந்த பெண்ணை இவ்வளவு புகழ்ந்தும் எதற்குக் கிள்ளு விழுந்தது என்று நெடுநாள் எனக்கு விளங்கவில்லை.