புதுச்சத்திரத்துக் கலைமானும் ஒரு கண்ணாடித் தகடும்

சுட்டுப் போட்ட சிறுத்தையின் மேல் கால் வைத்து நிற்பவரைப் படம் எடுப்பதுதான் எங்கள் தொழிலிலேயே சுலபமான வேலை. சிறுத்தை அசையாது, அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உயிரோடு மேயும் மானையும் முட்டை மேல் உட்கார்ந்த குருவியையும் எடுக்கப் போய், கறுப்புத் துணிக்குள் வெந்து செத்த என் சக பாவிகளுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும்.

வெள்ளிக்கிழமைக் கெடு

முப்பதுகளில் சேலத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். நாமக்கல் பக்கத்தில் சின்ன ஜமீன் மாதிரி இருந்த மிட்டாதார் ஒருவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே பொட்டல் காட்டில் வெளிமான் கூட்டம் ஒன்று மேய்கிறது, அதில் முறுக்குக் கொம்போடு ஒரு கலைமான் இருக்கிறது, அதைப் படம் எடுக்க வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உயிருள்ள மானைப் படம் எடுக்கச் சொல்லி அதுவரை ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை.

"எப்படி எடுக்கட்டுங்க? மேயும்போதா, நிமிர்ந்து பார்க்கும்போதா?" என்று ஆசையாகக் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "எப்படியோ எடுங்க, கொம்பு முறுக்கு எண்ணுற மாதிரி தெரியோணும். நம்ம கலெக்டர் துரை மாத்தலாகிப் போறாருங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள படத்தைக் காட்டுனாத்தான் துப்பாக்கியோட வருவேன்னுட்டாரு."

வாயை மூடாத வண்டி

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. படம் என் கைக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆசைக்கு வெட்கம் ஏது?

செங்கோடன் என்பவரின் மாட்டு வண்டியில் கேமராவைக் கட்டி, மேலே சோளத்தட்டைப் போட்டு மறைத்துக்கொண்டு போனோம். நடந்து வரும் ஆளைக் கண்டால் பறக்கிற மான், வண்டியைக் கண்டால் பேசாமல் மேயும். செங்கோடனோ வழியெல்லாம் மாட்டைத் திட்டிக்கொண்டே வந்தார். "ஏ மயிலை, தூங்கிக்கிட்டா நடக்குற? உன்னையக் கட்டுனதுக்கு ஒரு எருமையக் கட்டியிருக்கலாம்!" கூட்டம் நூறு தப்படியில் தெரிந்தது. அவர் தொடையைக் கிள்ளி, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினேன்.

அவர் வாயை மூடினார். அத்தனை மானும் ஒரே நேரத்தில் தலை தூக்கின. அடுத்த நொடி பொட்டலில் புழுதிதான் மிச்சம். செங்கோடன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, வண்டிக்காரன் பேசாம வந்தா அதுகளுக்குச் சந்தேகம் வராதுங்களா?"

முட்டைக்காரி

மறுநாள் புதன்கிழமை; கெடு நெருங்கிவிட்டது. கேமராவோடு தனியாகப் போய் ஒரு வேலமரத்தடியில் குப்புறப் படுத்துக்கொண்டேன். படுத்த இடத்துக்கு நாலு முழம் தள்ளி ஆள்காட்டிக் குருவி ஒன்று வெறுந்தரையில் முட்டை வைத்திருந்தது. அது தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி ஊரையே கூட்டியது. தூரத்தில் கலைமான் நின்று என் பக்கமே பார்த்தது. நான் கட்டையாகக் கிடந்தேன். கழுத்தில் எறும்பு ஊர்ந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் குருவி இறங்கி, என்னைச் சட்டை செய்யாமல் முட்டை மேல் உட்கார்ந்தது. கேமராவுக்குக் கொண்டுபோன கண்ணாடித் தகடுகளில் ஒன்றை அதற்குச் செலவழித்தேன். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

மானும் மெல்ல என்னை நோக்கி வர ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துக் களைக்கொத்தோடு வந்து நின்றார் நல்லம்மாள். பக்கத்துக் கடலைக் காடு அவருடையது. குருவி கிளம்பிற்று, மானும் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க கடலையைத் தின்னுற மானைச் சுட துரை வரப்போறாருங்க, அதுக்குத்தான் இந்தப் பாடு!" என்று கத்திவிட்டேன். கொத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தின்னா என்ன சாமி, அதைக் கொன்னு போட்டா எங்காட்டுக் கடலை திரும்பி மொளைச்சுருமா?"

கடையாணி

வியாழக்கிழமை விடிந்ததும் மறுபடி வண்டி. இந்தத் தடவை செங்கோடன் வாய்க்கு நான் பூட்டுப் போடவில்லை. அறுபது தப்படியில் வண்டியை நிறுத்தி, கீழே குதித்து, கடையாணி கழன்ற மாதிரி சக்கரத்தைத் தட்டிக்கொண்டு, மாட்டின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். நான் தட்டைக்குள் மூச்சடக்கி, கேமராக் கண்ணாடியில் மானைத் தேடினேன். கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, இளவெயிலில் பளபளக்கும் கொம்பு. அது தலையை நிமிர்த்தியது. ஷட்டரின் ரப்பர் பந்தை அமுக்கினேன்.

அது ஓடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. செங்கோடனுக்குச் சிரிப்பு வரவில்லை. "படத்துக்குன்னே நிக்குதுங்க, பாவம். எதுக்குன்னு தெரிஞ்சா நிக்குமுங்களா?"

கழுவும் தண்ணீர்

அன்று பகலிலேயே பஸ்ஸில் சேலம் திரும்பி, ஸ்டூடியோ இருட்டறையில் தகட்டைக் கழுவினேன். அப்படியொரு படம் எனக்கு அதற்கு முன்னும் விழுந்ததில்லை, பின்னும் விழுந்ததில்லை. முறுக்கை ஒவ்வொன்றாக எண்ணலாம். மிட்டாதார் கேட்டதும் அதைத்தான்.

பங்குனி வெயிலில் சேலத்துக்காரன் தகட்டைப் பானைத் தண்ணீரில்தான் அலசுவான் என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் கொஞ்சம் சுட்டாலும் படம் பதிந்த மேல்பூச்சு கண்ணாடியை விட்டு நழுவிவிடும். பானை பக்கத்திலேயே நிரம்பி இருந்தது. நான் முற்றத்துத் தொட்டிக்குப் போய், வெயிலில் காய்ந்து கிடந்த தண்ணீரை மொண்டு வந்து தட்டில் ஊற்றினேன். முதலில் கொம்பு நெளிந்தது. பிறகு முதுகு ஏடு போலச் சுருங்கி, ஒரு மூலையில் போய் ஒதுங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வெள்ளிக்கிழமை அந்தத் தகட்டை மிட்டாதாரிடம் கொடுத்து, வெயில் கெடுத்துவிட்டது என்றேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், திருப்பிப் பிடித்தார், துரைக்கு என்ன சொல்வது என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டார். கடைசியில் கண்ணாடியை என் மடியிலேயே போட்டுவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குச் செத்ததுதானுங்க சரியா வரும்."

நான் எடுத்ததிலேயே நல்ல படம் எது என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான், இந்தத் தொழிலில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே விஷயம்.