பக்கத்து மில்லின் கார்டு

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்தது இது. சோமனூர் பக்கம் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் இன்சார்ஜாக இருந்தேன். ஜன்னல் வெயிலில் எந்நேரமும் பஞ்சுத்தூசு மிதந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்தபடி நானும் பாதித் தூக்கத்தில் மிதப்பேன். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

அன்று காலை எல்லாத் திரைகளும் ஒன்றாக உறைந்து நின்றன. கணக்கெல்லாம் சர்வர் என்ற பெரிய பெட்டிக்குள் இருந்தது. எங்கள் மேசைகளில் இருந்தவை அதை எட்டிப் பார்க்கும் ஜன்னல்கள்தான். இரண்டையும் இணைக்கும் கார்டு புகைந்துபோயிருந்தது. மறுநாள் தொழிலாளர்களுக்குப் போனஸ். கையால் கணக்குப் போட்டால் பொங்கலுக்குத்தான் கிடைக்கும்.

காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்தேன்.

"அந்த மாடல் நின்னுபோச்சுங்க சார். பாம்பேல ஒருத்தர்கிட்ட ஒண்ணு கெடக்குது. அவரு சொல்ற வெலைக்கு ரெண்டு பழைய தறி வாங்கிப்போடலாமுங்க. புதுசு மலிவுதான், ஆனா உங்க ஒயரோட சேராதுங்க."

பணம் கட்டினாலும் கார்டு வருவதற்குள் தீபாவளி போய்விடும்.

எங்கள் முதலாளிக்கும் பக்கத்து மில் முதலாளிக்கும், நடுவில் ஓடும் வாய்க்கால் யாருடையது என்று கோர்ட்டில் வழக்கு. முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். ஆனால் ஒருவர் வாங்கியதை மற்றவர் வாங்காமல் விட்டதில்லை. கம்ப்யூட்டரும் அப்படித்தான், ஒரே மாடல். மெஷின் நின்றால் பேரிங்கும் பல்சக்கரமும் இரண்டு கேட்டையும் தாண்டிப் போய்வரும். முதலாளிகளுக்கு அது தெரியாது என்பது ஏற்பாடு. இதுவும் மெஷின்தானே என்று எனக்கே தோன்றியது. எனக்கு யோசனை வருவது அபூர்வம் என்பதால் உடனே கிளம்பிவிட்டேன்.

அங்கே கம்ப்யூட்டர் பார்த்த பெண்மணி முழுதும் கேட்டுவிட்டு, தன் திரைகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.

"எங்க போனஸ் நேத்தே போட்டுப்போட்டமுங்க சார். நாளைக்கிக் குடுங்க, போதும்."

கார்டைக் கழற்றத் திருப்புளியோடு அவர் குனிந்திருக்கும்போது வாசலில் அவருடைய முதலாளி வந்து நின்றார்.

"ஆரு அம்மணி இது?"

"பக்கத்து மில்லுங்க. போனஸ் போட முடியாம நிக்கறாங்களாமுங்க."

முதலாளி கார்டைப் பார்த்தார். "என்ன வெலையாகும் இது?"

கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன்.

"ரெண்டு தறியா! இத்தனூண்டுக்கா? பாத்துக் கொண்டுபோ கண்ணு, கீழ போட்டறாத." திரும்பியவர் நின்றார். "உன்ற மொதலாளிகிட்டச் சொல்லிப்போடு. வாய்க்கால்ல ஒரு மொழங்கூட உட மாட்டேன்."

சோளக்காட்டு வழியே, இரண்டு தறிகளை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தேன். காற்றில்லை, சத்தமில்லை. பின்னால் ஒரு மில்லின் கணக்கெல்லாம் எங்களுக்காகக் கண்மூடிக் கிடந்தது. நடப்பது நான்தானா என்றே சந்தேகமாக இருந்தது.

மத்தியானம் எங்கள் திரைகள் உயிர் பெற்றன. மறுநாள் சாயங்காலம் போனஸ் கவரோடு சனம் கடைவீதிக்குப் பாய்ந்தது. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து எங்கள் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"செரி, கேசு வேற, இது வேற" என்றார்.

வழக்கில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யார்மீதாவது கோபம் முற்றும்போது, அன்று அணைந்து கிடந்த அந்தத் திரைகள் மட்டும் கண்முன் வருகின்றன. அதற்குப் பிறகு அந்தக் கோபத்தை முழுசாக வைத்துக்கொள்ள என்னால் இன்றுவரை முடிந்ததில்லை.